ஜப்பான் பட்டனா, இத்தாலி பிடேவா, ஃபின்லாந்து ஹேண்ட் ஷவரா? நம்ம ஆளுங்களுக்கு எது ஒத்து வரும்

வெளிநாடு போய் ரூம்ல பெட்டிய வச்சதும் நம்ம ஆளுங்க முதல்ல எட்டிப் பாக்கறது பாத்ரூம்ல கமோடு பக்கத்துல தண்ணி இருக்கான்னுதான். அமெரிக்கா, இங்கிலாந்துல பெரும்பாலும் பேப்பர் மட்டும்தான், ஒரு காலி பாட்டில் எடுத்துட்டு போயிடுங்க, அதுக்கு மேல அலச ஒண்ணும் இல்ல. தண்ணி இருக்கற ஊர்ல நான் புழங்கினது ஜப்பான், இத்தாலி, ஃபின்லாந்து. மூணு ஊருக்கும் அம்மா கூட வந்தாங்க, 68 வயசு, முட்டி வலி வேற. அதனால எது ஹைடெக்னு நான் பாக்கல, உள்ள போய் கதவ சாத்தினா யாரையும் கூப்பிடாம அவங்களே சமாளிச்சுக்க முடியுதா, அத வச்சுதான் சொல்றேன்.

சுத்தத்துக்கு மட்டும் மார்க் போட்டா ஜப்பான்தான். டோட்டோ கம்பெனி 1980ல வாஷ்லெட்ட கொண்டு வந்தாங்க, இப்ப வீடு, ஹோட்டல், ஏர்போர்ட்னு அந்த மாதிரி சீட்டுதான் எங்கயும். சீட் கதகதன்னு இருக்கும், பட்டன அமுத்தினா ஒரு சின்ன குழாய் நீண்டு வந்து வெதுவெதுன்னு தண்ணி அடிக்கும். சிக்கல் என்னன்னா அந்த பட்டன் வரிசை. டோக்கியோல முதல் நாள் காலைல உள்ளேர்ந்து அம்மா "டேய், தண்ணி நிக்கவே மாட்டேங்குதுடா, எத அமுத்தணும்"னு கூப்பிடறாங்க, நான் வெளிய நின்னு "சதுரம் போட்ட பட்டன்மா"ன்னு சொல்றேன், கண்ணாடி போடாம போயிட்டாங்க, எது சதுரம்னு தெரியல, தடவிப் பாத்து அமுத்தினது தண்ணி வேகத்த கூட்டற பட்டன். பாவம், ரொம்ப பயந்துட்டாங்க. 2017ல அங்க கம்பெனிகள்லாம் சேந்து எட்டு படக்குறி பொதுவா வச்சுக்கலாம்னு முடிவு பண்ணாங்க, ஆனா பழைய செட்ல வெறும் ஜப்பான் எழுத்துதான் இருக்கும். ஃபிளஷ்ல ரெண்டு எழுத்த மட்டும் மனசுல வச்சுக்கோங்க: ஒரு ஆள் கையையும் காலையும் விரிச்சு நிக்கற மாதிரி இருந்தா அது பெரிய ஃபிளஷ், நடுவுல ஒரு கோடும் ரெண்டு பக்கமும் சின்ன கீறலும் இருந்தா சின்ன ஃபிளஷ். அன்னிலேர்ந்து எந்த ஹோட்டல் போனாலும் நான் முதல்ல போய் பட்டன் பலகைய ஃபோட்டோ எடுத்து, நிறுத்தற பட்டன் எதுன்னு அம்மாகிட்ட காட்டிட்டுதான் மறு வேலை.

இத்தாலில பட்டனே கிடையாது. கமோடு பக்கத்துலயே தாழ்வா ஒரு தொட்டி, அதுல ஒரு குழாய், அதுதான் பிடே. வீட்டுல ஒரு பாத்ரூம்லயாவது இது இருக்கணும்னு 1975லயே அரசாங்க விதி போட்டுட்டாங்க. கமோடுலேர்ந்து எழுந்து இதுல மாறி உக்காரணும், குழாய பாத்தபடி உக்காந்தா தண்ணி கைக்கு எட்டும். பக்கத்துல தொங்கற குட்டி டவல் இதுக்குத்தான், அத எடுத்து மூஞ்சி தொடைச்சுக்காதீங்க. குழாய்ல சி எழுத்து போட்டிருந்தா கோல்டுன்னு நினைச்சு திருப்பிடாதீங்க, அது கால்டோ, அதாவது சுடுதண்ணி. பச்சத்தண்ணிக்கு எஃப். ஷவர் பக்கம் தொங்கற கயிறு அவசரத்துக்கு ஆள் கூப்பிட, லைட் சுவிட்ச் இல்ல. சுத்தத்துல குறையே சொல்ல முடியாது, ஆனா முட்டி வலிக்காரங்க ஒரு தடவைக்கு ரெண்டு தடவை உக்காந்து எழுந்திரிக்கணும், அம்மா ரெண்டாவது நாளே மக்குக்கு மாறிட்டாங்க.

ஃபின்லாந்துல நான் எதுவுமே சொல்லித்தர வேண்டியிருக்கல. நம்ம வீட்டு ஹெல்த் ஃபாசெட் மாதிரியேதான், வாஷ்பேசின் குழாய்லேர்ந்து ஒரு ஹோஸ் வந்து கமோடு பக்கம் மாட்டியிருக்கும். ஒரே ஒரு வித்தியாசம், முதல்ல பேசின் குழாய தொறக்கணும், அப்புறம் கைப்பிடிய அமுத்தினா தண்ணி இந்தப் பக்கம் திரும்பும், கைய எடுத்தா நின்னுடும். வெளிய பனி கொட்டுது, இங்க பேசின்ல சூடு வச்ச அளவுக்கே வெதுவெதுன்னு தண்ணி வருது. முடிச்சதும் பேசின் குழாய மறக்காம மூடிடணும், அவ்ளோதான். என் ஓட்டு இதுக்குத்தான், ரெண்டாவது ஜப்பான், பெரியவங்கள கூட்டிட்டு போறப்ப இத்தாலி கடைசி.

ஊருக்கு வந்ததும் அம்மா பிளம்பர கூப்பிட்டு, கீசர் லைன பேசினுக்கு இழுத்து அதுலேர்ந்து ஹோஸ் விட முடியுமான்னு கேட்டாங்க. மார்கழிக்குள்ள போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கார்.