நான்கு நிறப் பேனையும் ஆங்கிலச் சொல்வகைகளும்: நீண்டகாலம் பாவித்ததில் தெரிந்தவை

திருகோணமலையில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளையிடம் ஆங்கிலச் சொல்வகைகளைக் கேட்டால் எட்டையும் பிசகாமல் ஒப்புவிக்கும். அதே பிள்ளை கொப்பியில் 'மை பாதர் அ பிஷர்மேன்' என்று எழுதும். 'அப்பா மீனவர்' என்பது தமிழில் முழு வாக்கியம், வினை தேவையில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் நிற்காது. நிறப் பேனை முறை கைகொடுப்பது இந்த இடத்தில்தான். பத்தாம் தரத்தில் தொடங்கிச் சாதாரண தரப் பரீட்சை வரை பாவிக்கலாம்.

ஒற்றை றூள் கொப்பி ஒன்று, பேனை நான்கு. வினைக்குச் சிவப்பு, பெயருக்கும் பிரதிப்பெயருக்கும் நீலம், பெயரடைக்கும் வினையடைக்கும் பச்சை, மிச்சமெல்லாம் கறுப்பு. நாளுக்கு ஐந்து வாக்கியம் போதும். திருத்தம் எழுத ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள்.

முதலில் வினையைத் தேடிச் சிவப்புக் கோடு போட வேண்டும். பிறகுதான் யார், எது என்று கேட்டு நீலம். முதற்சொல்லிலிருந்து வரிசையாக நிறம் தீட்டினால் படம் அழகாக வரும், இலக்கணம் வராது. பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்களையே எடுங்கள்: 'த டியர் இஸ் ஸ்லீப்பிங்', 'த டியர் ஆர் ஸ்லீப்பிங்'. ஒருமைக்கும் பன்மைக்கும் 'டியர்' ஒன்றுதான். ஒரு மானா பல மானா என்பதை வினைதான் காட்டுகிறது.

சொல்லைப் பார்த்து நிறம் போடுவதுதான் பெரிய பிழை, அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். 'வீ பிஷ் அற் நைற்' என்பதில் 'பிஷ்' வினை. 'த பிஷ் இஸ் பிரெஷ்' என்பதில் பெயர். 'பிஷ் மார்க்கெற்' வந்தால் எல்லாரும் பச்சையை எடுப்பார்கள், ஆனால் அங்கேயும் 'பிஷ்' பெயர்தான், நீலம்தான் வேண்டும். முன்னால் 'வெரி' சேர்த்துப் பாருங்கள்: 'வெரி பிரெஷ்' வரும், 'வெரி பிஷ்' வராது. ஆனால் இந்தச் சோதனை மட்டும் போதாது. 'மெயின் றோட்' என்பதில் 'மெயின்' பெயரடைதான், அதுவும் 'வெரி'யை ஏற்காது. அதனால் 'த', 'இஸ் ஹியர்' இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். 'பிஷ்' அங்கே நிற்கும், 'மெயின்' நிற்காது.

'லி' என்று முடிந்தாலே வினையடை என்ற பாடத்தை மறந்துவிடலாம். 'பிரெண்ட்லி' பெயரடை. 'ஹீ வேர்க்ஸ் ஹார்ட்' என்றால் பாடுபட்டு உழைக்கிறான். 'ஹீ ஹார்ட்லி வேர்க்ஸ்' என்றால் வேலை செய்வதே அபூர்வம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு நீலமும் பச்சையும் வேண்டாம். சிவப்பை மட்டும் விடக்கூடாது, 'ஷீ கோ' என்று எழுதும் பழக்கம் அதன் பிறகும் தலைகாட்டும்.

இந்த முறையால் தீராதது 'இன்', 'ஒன்', 'ரு' போன்ற முன்னிடைச்சொல். நமக்கு 'இல்' ஒன்றே போதும்: நிலாவெளியில், கடற்கரையில், பஸ்ஸில், காரில். ஆங்கிலத்தில் 'இன் நிலாவெளி', 'ஒன் த பீச்', 'ஒன் த பஸ்', 'இன் த கார்'. கிண்ணியாவுக்குப் போக 'கோ ரு கிண்ணியா', வீட்டுக்குப் போக வெறும் 'கோ ஹோம்', ஏனென்றால் அங்கே 'ஹோம்' வினையடை. இவற்றுக்குக் கொப்பியின் பின்பக்கத்தை ஒதுக்கி, தனிச்சொல்லாக அல்லாமல் முழுத் தொடராக எழுதி வையுங்கள். 'பற்றி' என்று நினைத்து 'டிஸ்கஸ் அபவுட்' எழுதியிருந்தால், 'அபவுட்'டை வெட்டிவிட்டு அந்தத் தொடரையும் அங்கே சேருங்கள்.