மழையில் ஸ்லைடு கேரவனை மூடுவது: காத்திருப்பதா, அப்படியே இழுப்பதா, துடைத்து மூடுவதா?

குமுளியிலோ வாகமணிலோ ஆனி, ஆடியில் கேரவன் டிரெய்லரோடு (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) தங்குகிறவர்களுக்குக் கிளம்பும் நாள் காலையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். மழை விடவில்லை. உள்ளே இடம் கூட்ட வண்டிச் சுவரிலிருந்து வெளியே தள்ளும் ஸ்லைடு அறை பக்கவாட்டில் நீண்டு நிற்கிறது, அதன் கூரையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதை இப்போது உள்ளே இழுக்கலாமா?

2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த ஆண்டு வாகமணில் கேரவன் பூங்காவும் வந்தது. அதன் பிறகு கம்பம், தேனி பக்கத்தில் இந்த வண்டிகளைப் பற்றிக் கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் ஸ்லைடு பொருத்திய டிரெய்லர்களுக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் அமெரிக்கச் சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. “உலர்ந்த பிறகு மூடுங்கள்” என்று அவை சொல்லும். ஒரு மணி நேரம் பெய்துவிட்டு வெயில் அடிக்கும் ஊருக்கு அது சரி. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் நனையும் இடுக்கி மலைக்கு அந்த அறிவுரை போதாது. இங்கே நம் முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஸ்லைடு அறை, தீப்பெட்டியின் உள்தட்டைப் போலச் சுவருக்குள் போய் வருகிறது. வெளிப்பக்கம் மெல்லிய ரப்பர் நாக்கு ஒன்று கூரையை உரசி நிற்கும். அறை உள்ளே போகும்போது தண்ணீரை வழித்துத் தள்ளுவது அதன் வேலை. இன்னொன்று குழல் வடிவ ரப்பர். அறை முழுதாக மூடியிருக்கும்போதும் முழுதாக நீண்டிருக்கும்போதும்தான் அது அமுங்கி அடைக்கும். நடுவழியில் அந்த நாக்கு மட்டுமே காவல். அதன் அடியில் ஒரு சில்வர் ஓக் இலை மாட்டினால் போதும், ரப்பர் தூக்கிக்கொள்ளும், அந்த இடைவெளி வழியே தண்ணீர் உள்ளே இறங்கும்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்குக் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தேங்கினால் 1 லிட்டர். 3 மீட்டர் நீளமும் 0.9 மீட்டர் அகலமும் உள்ள கூரையில் 5 மில்லிமீட்டர் நின்றால் 13.5 லிட்டர். ஏறக்குறைய ஒரு குடம். அது மெத்தையிலும் தரைப் பலகையின் ஓரத்திலும் இறங்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பலகை ஊறி, அடுக்கு பிரிந்து, காலை வைத்தால் அமுங்கும்போதுதான் தெரியும். ஸ்லைடு வண்டிகளில் பெரிய செலவு வைக்கும் பழுதுகளில் இது ஒன்று.

மழை விடும்வரை காத்திருப்பது

இந்த வழிக்கு ஆதரவாளர்கள் அதிகம். பருவம் தெரிந்து செய்தால் நல்ல வழிதான். ஐப்பசியில் வரும் துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) பெரும்பாலும் பிற்பகல் இடியோடு கொட்டும், காலை வெளுத்திருக்கும். அப்போது முந்தைய நாளே சாமான்களைக் கட்டிவைத்து, விடிந்ததும் கூரையைப் பார்த்து, எட்டு மணிக்குள் மூடிவிட்டுக் கிளம்புவதுபோல் சுகம் வேறில்லை. காத்திருப்பதை அந்த மாதத்தில் நான் முழு மனதோடு சொல்வேன்.

ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்குப் பருவமழையில் அது பலிக்காது. மழை பத்து நிமிடம் நின்றாலும் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. துணி உலராத காற்றில் கூரை எப்படி உலரும்? அந்த இடைவேளை துடைப்பதற்கு உதவும். உலர்வதற்காக அதை நம்பி இட வாடகையை இன்னொரு நாளுக்கு நீட்டுவது வீண்செலவு. இன்னொரு சிக்கலும் உண்டு. வெளி மின்சாரம் இல்லாத இடத்தில், வெயில் இல்லாத நாட்களில் சூரியப் பலகை பேட்டரியைச் சரியாக ஏற்றாது. நாள் போகப் போக மின்னழுத்தம் இறங்கும். இறங்கிய பேட்டரியில் ஸ்லைடு மோட்டார் முனகிக்கொண்டு பாதியில் நிற்கும். மழைக்குள் பாதி மூடிய ஸ்லைடு என்பது முழுதாக நீண்டு நிற்பதைவிட மோசமான நிலை.

அப்படியே இழுத்து மூடுவது

ஐந்து நிமிட வேலை. சேறும் அட்டையும் நிறைந்த புல்லில் நின்று நனைய வேண்டியதில்லை. ஆனால் இதை நான் ஏற்பதில்லை. மேலே சொன்ன ஒரு குடம் தண்ணீர் உள்ளே போகும் வழி இதுதான். மண் சரிவு, மரம் விழும் காற்று, வெள்ளம் என்று உடனே கிளம்பியாக வேண்டிய அபாயம் வந்தால் மட்டும் யோசிக்காமல் மூடிவிட வேண்டும். அப்போது மூடுவதற்கு முன் மெத்தையைத் தூக்கி நிறுத்தி, ஸ்லைடு கூரை வந்து நிற்கும் இடத்தின் கீழே பழைய துண்டுகளைப் பரப்பினால் சேதம் குறையும். உயிரைவிடப் பலகை பெரிதில்லை.

துடைத்து மூடுவது

மூன்றாவது வழி உழைப்பு கேட்கிறது. இருவர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்கு இதுதான் வழி.

உள் வேலையை முதலில் முடித்துவிட வேண்டும். அலமாரிகளை அடைத்து, சமையல் வாயுவை மூடி, ஸ்லைடு ஓடும் தரையைக் கூட்டிவிடுங்கள். ஒரு சின்னக் கல் உருளையின் கீழே போனால் தரை கீறிக்கொள்ளும்.

அடுத்து, தண்ணீரை வடியவைக்க வண்டியைச் சாய்ப்பது. இங்கே பலர் மூலைகளில் இருக்கும் தாங்குகால்களைத் திருகப் போவார்கள். அவை ஆட்டத்தை நிறுத்தத்தான் இருக்கின்றன, வண்டியைத் தூக்க அல்ல. அவற்றைத் தளர்த்திவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை போட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, இணைப்புக் கொக்கி அருகே உள்ள முன் ஜாக்கியை மெதுவாக இறக்க வேண்டும். வண்டியின் மூக்குத் தாழும். ஸ்லைடு கூரையின் தண்ணீர் முன்னோரமாக ஓடிக் கொட்டும். தேங்கியதில் பெரும்பகுதி இப்படியே போய்விடும். பிறகு மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவந்து தாங்குகால்களை ஊன்ற வேண்டும். சாய்ந்த வண்டியில் ஸ்லைடை ஓட்டினால் தண்டவாளம் கோணிக்கொள்ளும்.

இப்போது ஏணி. அதன் கால்கள் சேற்றில் புதையாமல் அடியில் பலகை போடுங்கள், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஸ்லைடு கூரையின்மேல் ஏறவே கூடாது. இலை, சுள்ளிகளைக் கையால் பொறுக்கிய பிறகு, வீட்டில் தரை வழிக்கும் நீளப் பிடி வைப்பரால் தண்ணீரை வெளி விளிம்பு நோக்கித் தள்ள வேண்டும். கடைசியாகப் பருத்தித் துண்டு. இந்த வேலைக்குக் கேரளத்துத் தோர்த்து அருமையானது. மெல்லியது, நன்றாக உறிஞ்சும், ஒரே பிழியலில் தண்ணீர் போய்விடும்.

இதைச் செய்யும்போது மேலே மழை பெய்துகொண்டுதானே இருக்கும் என்பது நியாயமான கேள்வி. ஸ்லைடு இருக்கும் பக்கத்திலேயே, வண்டிச் சுவரிலிருந்து விரியும் பெரிய வெயில் பந்தலும் இருந்தால், அதைக் கடைசிவரை சுருட்டாதீர்கள். பந்தலை முதலில் சுருட்டிவிட்டுப் பிறகு ஸ்லைடுக்கு வருகிறவர்கள், கையில் இருந்த குடையை வீசிவிடுகிறார்கள். பந்தல் மறுபக்கத்தில் இருந்தால், துடைத்து முடித்த நொடியில் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். துடைத்த பிறகு விழுகிற சில துளிகளை ரப்பர் நாக்கு சமாளித்துக்கொள்ளும். தேங்கிய குளத்தைத்தான் அதனால் சமாளிக்க முடியாது.

பொத்தானை அழுத்தினால் அறை முழுதாக அடைந்து மோட்டார் நிற்கும்வரை விரலை எடுக்கக் கூடாது. இரு பக்கமும் தனித்தனி மோட்டார் உள்ள வகையில் நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இரண்டும் ஒத்துப் போகாமல் அறை கோணும். வெளி மின்சாரத்தை ஸ்லைடு மூடிய பிறகுதான் துண்டிக்க வேண்டும். நனைந்த கையால் பிளக்கைப் பிடுங்காமல், முதலில் மின்கம்பத்தில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

ஸ்லைடின் மேலேயே சுருள் துணிக் கூரை பொருத்திக்கொள்ளலாமே என்பவர்களுக்கு: இலை, சுள்ளியிலிருந்து அது நன்றாகக் காக்கும், சில்வர் ஓக்கின் கீழே நிறுத்துகிறவர்களுக்கு வரம். ஆனால் அடைமழையில் துணி தொய்ந்து நடுவில் குளம் கட்டும். அதே 2.7 சதுர மீட்டரில் சராசரி 2 சென்டிமீட்டர் தேங்கினாலே 54 லிட்டர். அதோடு இழுத்தால் மொத்தமும் ஒரு பக்கமாகக் கொட்டும். அதனால் துணிக் கூரை இருந்தாலும் கீழிருந்து வைப்பர் பிடியால் அதைத் தூக்கி வடித்துவிட வேண்டும். தார்ப்பாயைக் கயிற்றில் கட்டுவது மலிவான மாற்று. கிளம்பும்போது அவிழ்க்க வேண்டிய நனைந்த பாரம் ஒன்று கூடுகிறது என்பதே அதன் குறை. இரண்டில் எனக்குத் துணிக் கூரையே மேல்.

படுக்கைப் பக்கம் கான்வாஸ் உள்ள டிரெய்லர் என்றால் அங்கே துடைப்பது பலிக்காது. மெத்தையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டு ஈரத்தோடு மடியுங்கள். ஆனால் கடிகாரம் அப்போதே ஓடத் தொடங்கிவிடுகிறது. நனைந்த துணியும் மரமும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்ந்தால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது, தாண்டினால் பிடிக்கலாம்.

எங்கே உலர்த்துவது

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது சென்னை, மதுரைக்காரர்களின் வழக்கமான முடிவு. பயண அலுப்பில் அன்று திறக்க மாட்டார்கள், மறுநாள் வேலை. கெடு போய்விடும். நம் எல்லை நாட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. குமுளி மலைப்பாதையில் இறங்கி, பெரியாறு மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களைக் கடந்து லோயர்கேம்ப் வந்தால் வானமே வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவது காற்று. கூடலூர், கம்பம் தோப்பு ஒன்றில், “அண்ணே, ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தி உலர்த்திக்கொள்ளலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காயோ மட்டையோ விழாத இடமாகப் பார்த்து, மட்டத்தில் நிறுத்தி, ஸ்லைடை முழுதாக நீட்டி, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் மலையில் இரண்டு நாளில் உலராதது அங்கே உலர்ந்துவிடும். பெரிய பந்தலை மட்டும் விரிக்காதீர்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பள்ளத்தாக்கை நன்கறிந்தவர்களுக்கு வெறும் பழமொழி அல்ல. ஸ்லைடு மேலே துணிக் கூரை இருந்தால் ஸ்லைடு காற்றுக்கு மறைவான பக்கத்தில் வரும்படி வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கினாலும் இதே பலன் கிடைக்கும். ஆனால் எல்லாக் கணவாய்க்கும் இது பொருந்தாது. ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு இறங்குகிறவர்களுக்குக் குற்றாலச் சீசனில் சாரல் கூடவே வரும். ஊருக்கு இன்பம், கான்வாஸுக்கு இன்னொரு நனைப்பு. அவர்கள் தென்காசியைத் தாண்டி ஆலங்குளம் பக்கம் போய்த்தான் திறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தமிழகப் பக்கத்தையும் நனைக்கும்போது கம்பத்தையும் நம்ப முடியாது. அப்போது முன்பு சொன்ன காலை நேரக் காத்திருப்பே சிறந்தது.

உலர்ந்ததும் ஸ்லைடை மூடுவதற்கு முன், ரப்பர்களில் சிக்கிய மண்ணை ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கான் கலந்த ரப்பர் பராமரிப்புத் தெளிப்பை மெல்லியதாகப் பூசுங்கள். கிரீஸ், மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலியப் பொருள் வேண்டாம், ரப்பரை உப்பவைத்துக் கெடுக்கும். பிறகு ஸ்லைடு தரையின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அடுத்த பயணத்துக்கு முன் அந்தப் பலகையைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.