வயிற்றை மூட முடியாதபோது: போகோட்டா பை, பார்க்கர் பேக், ரெடிமேட் கிட்

டேமேஜ் கன்ட்ரோல் (உயிர் காக்கத் தேவையானதை மட்டும் முதலில் செய்யும்) அறுவைக்குப் பிறகும், குடல் வீங்கி ஃபேசியா (வயிற்றுச் சுவரின் உறுதியான நார்ப்படலம்) சேராதபோதும் தற்காலிகமாக வயிற்றை மூட மூன்று வழிகள்தான் பெரும்பாலும் கைவசம் இருக்கும். எங்கள் ஓட்டு, சக்‌ஷனோடு நாமே அமைத்துக்கொள்ளும் பார்க்கர் பேக்குக்கு.

கொலம்பியாவிலிருந்து வந்த போகோட்டா பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 3 லிட்டர் சலைன் பையை வெட்டித் தோல் விளிம்போடு நைலானில் தைத்தால் முடிந்தது. உள்ளே குடல் கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கசிவெல்லாம் படுக்கையில்தான். நள்ளிரவு அவசரத்துக்குச் சரி, அடுத்த ரீ-லுக்கில் (மறுபடி திறந்து பார்க்கும்போது) மாற்றிவிட வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: குடல் பக்கச் சுவரில் ஒட்டுகிறதா, இல்லையா. ஒரு வாரத்தைத் தாண்டினால் குடல் ஒட்டத் தொடங்கும், ஃபேசியா பக்கவாட்டில் விலகிப் போகும். பிறகு இழுத்தாலும் வராது; குடல்மேல் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுப்போட்டுவிட்டு, பின்னாளில் ஹெர்னியாவை (வயிற்றுச் சுவரின் பிளவு வழியாகக் குடல் பிதுங்குவதை)ச் சரிசெய்ய வேண்டியதுதான். தோல் விளிம்போடு நிற்கும் போகோட்டா பை இதைத் தடுப்பதில்லை.

பார்க்கர் பேக்கின் உயிர் அதன் உள் ஷீட். ஸ்டெரைல் பாலிதீன் ஷீட்டில் பிளேடால் பரவலாகச் சிறு துளைகள் போட்டு, குடல்மேல் விரித்து, பெரிட்டோனியத்துக்கு (வயிற்றின் உட்சவ்வு) அடியில் செருக வேண்டும்: இருபக்கமும் பாராகோலிக் கட்டர் (பெருங்குடலின் ஓரப் பள்ளம்) வரை, மேலே கல்லீரலைத் தாண்டி, கீழே இடுப்புக்குழி வரை. காயத்தின் அளவுக்கே ஷீட்டை வெட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அப்படிச் செய்தால் அதுவும் விலை கூடிய போகோட்டா பைதான். அதன்மேல் ஈரமான டவல் அல்லது அறுவைத் துணி (மாப்; எத்தனை வைத்தோம் என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்), இரண்டு 10 ஃப்ரெஞ்ச் சிலிக்கான் டிரெய்ன், கடைசியாக ஒட்டும் டிரேப். ஒய் கனெக்டர் வழியாகச் சுவர் சக்‌ஷனில் 100 முதல் 150 மி.மீ. பாதரசம். ரெகுலேட்டர் இல்லாத சக்‌ஷனில் மாட்டவே கூடாது.

கசிவு பெரும்பாலும் தொடை இடுக்கிலும் ஸ்டோமா (வயிற்றுத் தோலில் திறந்துவிட்ட குடல்வாய்) ஓரத்திலும்தான் வரும். தோலை நன்றாக உலர்த்தாமல் டிரேப் ஒட்டினால் எத்தனை டிரேப் போட்டாலும் நிற்காது. ஃபைப்ரின் (ரத்த உறைவுப் புரதம்) அடைத்து டிரெய்ன் நின்றாலோ சக்‌ஷன் போனாலோ உள்ளே நீர் தேங்கி அழுத்தம் ஏறும். சிறுநீர்ப்பை வழி அழுத்தத்தை அளந்துகொண்டே இருங்கள். டியூபில் பளீரென்ற சிவப்பு ரத்தம் வந்தால் உடனே சக்‌ஷனை நிறுத்துங்கள். வெளியேறும் நீரில் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் நைட்ரஜன் போகிறது. ஊட்டச்சத்துக் கணக்கில் இதைச் சேர்க்க மறந்துவிடுவார்கள்.

கம்பெனி தயாரித்து விற்கும் ரெடிமேட் கிட்டில் ஃபோம் பதித்த ஷீட் கட்டர் வரை எட்டும். 125 மி.மீ. அழுத்தம் நிலையாக நிற்கும், கசிவுக்கு அலாரம் உண்டு. குடலை வெறும் ஃபோம் தொடக் கூடாது, தொட்டால் ஃபிஸ்டுலா (குடலில் ஓட்டை விழுந்து வெளியே கசிவது). குடலில் புதிய தையல் இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதே நல்லது. கனடாவின் கல்கரியில் கிட்டையும் பார்க்கர் பேக்கையும் ஒப்பிட்ட ஆய்வில் (2015) 90 நாள் இறப்பு கிட் வைத்தவர்களிடம் குறைவு. ஆனால் மொத்தம் 45 பேர்தான், வெளியேறிய நீரின் அளவிலும் வேறுபாடு இல்லை. ஆகவே இந்த இடத்தில் எங்கள் சாய்வை அடித்துச் சொல்ல மாட்டோம். வாங்க வசதி இருந்தால் கிட் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டோம்.

எதை வைத்தாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு மூன்று மாற்றத்துக்குப் பிறகும் விளிம்புகள் நெருங்காவிட்டால், ஃபேசியாவில் மெஷ்ஷை (வலைத்துணி)த் தைத்து நடுவில் பிளந்து, ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். உள் ஷீட் அப்போதும் அடியில் இருந்தாக வேண்டும்.