நிக்கோன் டி7200: வடபகுதித் தண்டவாள ஓரங்களில் சில ஆண்டுகள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பழைய ரயிலைப் படமெடுக்கப் புறப்பட்டால், எதை எடுப்பது என்பதே முதல் கேள்வி. 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ஓடத் தொடங்கி, 1905இல் தெற்கோடு இணைந்த பாதை இது. 1956இல் கொழும்புக்கும் இங்கும் இடையே யாழ்தேவி ரயில் வந்தது. 1990இல் போரால் எல்லாம் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பங்கர்கள் என்ற பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியபோது, அது ஓடியது புதுத் தண்டவாளத்தில், புது நிலையங்களுக்கு ஊடாக. பழமை என்று மிஞ்சியதைப் பாதையின் ஓரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்: வேலித் தூணாக நிற்கும் இரும்புத் துண்டு, பற்றைக்குள் கிடக்கும் கல்லுக்கட்டு. இந்த வேலைக்குத்தான் டி7200 கமராவையும் 35 மி.மீ. எஃப்1.8 டிஎக்ஸ் லென்ஸையும் சனி ஞாயிறுகளில் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

ரயில் படம் என்றால் நீளமான சூம் வேண்டும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூரத்தில் இருந்து இழுத்து எடுத்தால் எஞ்சின் பெரிதாகத் தெரியும், ஊர் காணாமல் போய்விடும். இந்தக் கமராவில் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறையக் கண் பார்க்கும் அளவையே தரும். கொக்குவிலுக்கும் இணுவிலுக்கும் இடையில் பாதை வீட்டு வேலிகளை ஒட்டிப் போகிறது. அந்த நெருக்கம் படத்தில் வர வேண்டும் என்றால் இதுதான் சரி. எடையும் 200 கிராம்தான், நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் தெரியாது.

வெளிச்சம்தான் இங்கே பெரிய சோதனை. நாவற்குழிப் பக்கம் கடல்நீரேரி பளபளக்கும், வானம் வெளிறிக் கிடக்கும், பனை கருப்பாக நிற்கும். நான் ஒளியளவை எப்போதும் 0.7 ஸ்டொப் குறைத்து வைத்து, பிறகு திருத்த வசதியான ரோ கோப்பாக எடுக்கிறேன். ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100 எனக் குறைத்து வைத்து எடுத்த கோப்பில் நிழலை நன்றாகத் தூக்கினாலும் பெரிதாகப் பொரிப்பொரியாக வராது. பனையடியில் இருட்டாய்க் கிடந்த கல்லின் வெடிப்புகள்கூடப் பிறகு வெளியே வந்துவிடும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் கமராவை மாற்ற மனம் வராததற்கு இதுவே பெரிய காரணம். லென்ஸை எஃப்1.8இல் முழுதாகத் திறந்து, வெயிலில் மின்னும் தண்டவாள விளிம்பை எடுத்தால் ஊதாக் கோடு தெரியும். துளையைச் சுருக்கி எஃப்4க்குப் போனால் பெரும்பாலும் மறைந்துவிடும். திரை மடங்காது, தாழ்வான கோணம் வேண்டுமென்றால் நிலத்தில் படுக்க வேண்டியதுதான்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெளியில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. புழுதியும் உப்பும் உள்ளே போனால் வானத்தில் எல்லாம் புள்ளி. வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கமராவின் உடலைத் துடைத்து, ஊதுகுழாயால் தூசு தட்டுகிறேன். உடலின் மேலும் பின்னும் மக்னீசியம் கலப்பு உலோகம், மூட்டுகளில் ஈரம் புகாத அடைப்பு, இதுவரை தாங்குகிறது. வேறொரு நிறுவனத்தின் மலிவு பற்றரி ஒன்று வீங்கிப்போன பிறகு, அசல் பற்றரி மட்டும்தான்.

நீண்ட விடுமுறை கிடைத்தால் பொல்காவலையில் மாறி கடுகண்ணாவைக்குப் போவதுண்டு. 2014இல் திறந்த ரயில் நூதனசாலை அங்கே இருக்கிறது. நிழலில் நிற்கும் எஞ்சின்களுக்கு எஃப்1.8 நன்றாகவே உதவுகிறது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவை கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்த எம்2 டீசல்கள். ஒன்றின் பெயர் ஒன்ராரியோ, இன்னொன்று அல்பேர்ட்டா. எங்கள் சனம் அந்த ஊர்களுக்குப் போய்க் குடியேறுவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயர்கள் இங்கே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெயர்ப்பலகையை எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பியபோது, அவன் உடனே தொலைபேசி எடுத்துவிட்டான்.

சரி, திங்கட்கிழமை. கந்தோர், கணக்கு, கையெழுத்து. கமராவில் இரண்டு கார்ட் போடலாம். ஒன்றில் ரோ, மற்றதில் ஜேபெக் பதிவாகும்படி வைத்திருக்கிறேன். ஜேபெக்கை வைஃபை வழியாகக் கைபேசிக்கு எடுத்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் காட்டுவேன். 1990க்கு முன்பு தினமும் ரயிலில் வந்துபோன மூத்த அண்ணர் ஒருவர் எங்கள் பிரிவில் இருக்கிறார். மல்லாகத்துக்கு அருகில் நான் எடுத்த ஒரு கல்லுக்கட்டைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது மேடை இல்லை, சாமான் இறக்கிற இடம். வாழைக்குலை எல்லாம் இதிலதான் ஏத்தினவை" என்றார். அன்றிரவே அதைப் படத்தின் குறிப்பில் எழுதி வைத்தேன். 24 மெகாபிக்சல் இருப்பதால் அவர் பெருப்பித்துப் பார்க்கிற அளவுக்கு விவரம் கிடைக்கிறது. எனக்கு அதன் பயன் பெரிய பிரிண்டில் இல்லை, இங்கேதான். கந்தோர் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையின் முடிவாக நான் பார்ப்பதில்லை. சனிக்கிழமை எடுத்த கல்லுக்குப் பெயர் கிடைப்பது அங்கேதான்.

இது 2015இல் வந்த மாடல், இப்போது பாவித்ததாகத்தான் கிடைக்கும். வாங்குவதானால் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது இதுவரை எத்தனை தடவை படமெடுத்தது என்பதை, கேளுங்கள். 150,000 தடவைக்குச் சோதிக்கப்பட்ட ஷட்டர் இது. வெள்ளைச் சுவரை எஃப்16இல் எடுத்து சென்சாரில் புள்ளி இருக்கிறதா பாருங்கள், பற்றரிக் கதவின் உள்பக்கத்தில் உப்புக்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள். கரையோரத்தில் பாவித்த கமராவென்றால் இந்தக் கடைசிச் சோதனையை விடவே வேண்டாம்.