அட்டாக் ஆன் டைட்டன் பாடல்கள்: கதை முடிந்த பிறகும் விடாமல் கேட்ட அனுபவம்

அட்டாக் ஆன் டைட்டன் என்ற ஜப்பானிய அனிமே தொடரை இன்னும் முடிக்காதவர்கள், முடித்துவிட்டு வந்து இதைப் படியுங்கள். எழுதப்போவது பாடல்களைப் பற்றித்தான். ஆனால் கதையைத் தொடாமல் இந்தப் பாடல்களைப் பேச வழியில்லை.

2013 ஏப்ரலில் ஆரம்பித்த தொடர் 2023 நவம்பரில் முடிந்தது. அந்தப் பத்து வருடத்தில் எபிசோடின் ஆரம்பத்தில் வந்த ஓப்பனிங், முடிவில் வந்த எண்டிங், காட்சிகளுக்கு நடுவே வரும் பாடல்கள் எல்லாம் என் போனில் ஒரே பிளேலிஸ்டாக இருக்கின்றன. நடக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, ராத்திரி வேலை செய்யும்போது என்று இன்றும் அவைதான் ஓடுகின்றன. இத்தனை நாள் கேட்டதில் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒன்று: இந்தப் பாடல்கள் கதையோடு சேர்ந்து மாறிவிட்டன. முதல் சீசன் பார்த்த காலத்தில் கேட்ட பாட்டும், கடைசி எபிசோட் முடிந்து கேட்கிற அதே பாட்டும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

முதல் ஓப்பனிங் 'குரென் நோ யூமியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். ரெவோ என்ற இசையமைப்பாளரின் லிங்க்ட் ஹொரைசன் பாடியது. வேட்டைக்காரர்கள் நாங்கள்தான் என்று ஜெர்மன் மொழியில் முழங்கி ஆரம்பிக்கும். அந்த வருடக் கடைசியில், ஜப்பானில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் என்ஹெச்கே டிவியின் கோஹாகு இசை நிகழ்ச்சி வரைக்கும் இந்தப் பாட்டு போய்விட்டது. டிவியில் வருவது ஒன்றரை நிமிட வெட்டு. முழுப் பாட்டைக் கேட்டால்தான் கோரஸும் பித்தளை வாத்தியங்களும் எப்படி அடுக்கடுக்காக ஏறுகின்றன என்பது புரியும். மனிதர்கள் இரை, அவர்களைத் தின்னும் ராட்சதர்களான டைட்டன்கள் எதிரி, சுவருக்கு வெளியே போனால் விடுதலை என்று கதை நேர்கோட்டில் இருந்த காலத்துப் பாட்டு அது. கேட்டதும் எழுந்து ஓடத் தோன்றும்.

அதே குழு 2017இல் இரண்டாம் சீசனுக்குக் கொடுத்தது 'ஷின்ஸோ ஓ ஸஸகெயோ'. நெஞ்சில் முஷ்டி வைத்து வீரர்கள் அடிக்கும் சல்யூட்டின் பாட்டு, இதயத்தைக் காணிக்கையாக்கு என்கிற அழைப்பு. ரொம்ப நாள் உடற்பயிற்சி நேரத்துக்கு இதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் சீசனில் தளபதி எர்வின் புது வீரர்களைத் திரட்டி, பாறைகள் பறந்து வரும் திசையில் குதிரையைச் செலுத்தச் சொல்கிற இடம் வந்த பிறகு அப்படிப் போட முடியவில்லை. பாதிப் பேருக்கு அது முதல் போர். சாகத்தான் போகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்தும் போகிறார்கள். கடைசி சீசனில் கதை கடலுக்கு அந்தப் பக்கம் போய், அங்கேயும் சின்னப் பிள்ளைகளை இதே மாதிரி வார்த்தைகளைச் சொல்லி வளர்ப்பதைக் காட்டியதும், இந்தப் பாட்டின் உற்சாகத்துக்கு அடியில் இருக்கும் பயங்கரம் முழுசாக மேலே வந்துவிட்டது. மெட்டில் ஒரு மாற்றமும் இல்லை, இன்றும் அருமையான மெட்டுதான். ஆனால் இப்போது கேட்டால் நெஞ்சு கனக்கிறது.

மூன்றாம் சீசனின் முதல் பாதிக்கு வந்த 'ரெட் ஸ்வான்' பற்றி அதிகம் சொல்ல இல்லை. எக்ஸ் ஜப்பான் ராக் குழுவின் யோஷிகியும் லார்க் ஆன் சியெல் குழுவின் ஹைடும் சேர்ந்து கொடுத்தது. மென்மையாக இருக்கிறது என்று அப்போது நிறைய ரசிகர்கள் குறைப்பட்டார்கள். எனக்குப் பிடிக்கும், ஆனாலும் தேடிப் போய்க் கேட்பதில்லை.

கடைசி சீசனில் தயாரிப்பு விட் ஸ்டுடியோவிலிருந்து மாப்பா ஸ்டுடியோவுக்குப் போனது. பாடல்களின் குணமும் அடியோடு மாறியது. ஷின்ஸேய் கமட்டேச்சான் குழுவின் 'போகு நோ சென்ஸோ'வில் பழகிய முகங்களைத் தேடினால் கிடைக்காது. அணிவகுப்பும் வெடிப்பும் புகையும்தான். வீரத்தைக் கொண்டாடுகிற பாட்டு இல்லை இது. தலைக்குள் யாரோ பிரார்த்தனையும் கிண்டலும் கலந்து முணுமுணுப்பது போல இருக்கும். முதல் தடவை கேட்டபோது ஒட்டவே இல்லை, இப்போது எல்லா ஓப்பனிங்கிலும் இதற்குத்தான் முதல் இடம் கொடுப்பேன். அடுத்து 2022 ஜனவரியில் சிம் குழுவின் 'தி ரம்ப்ளிங்' வந்தது. கத்தலும் கிட்டாருமாகக் கதாநாயகன் எரெனின் கோபத்தை அப்படியே கொட்டுகிற பாட்டு. அந்தச் சமயத்தில் உலகம் முழுக்க ஓடியது இதுதான். தினமும் கேட்டால் சீக்கிரம் களைத்துப்போகும், இடைவெளி விட்டுக் கேளுங்கள்.

எண்டிங் பாடல்களைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள். கதையின் உண்மையை முதலில் சொன்னவை அவைதான். இரண்டாம் சீசனின் 'யூகுரே நோ தோரி'யோடு ஓடும் ஓவியங்களை அப்போது அலங்காரம் என்று நினைத்துக் கடந்தவர்கள் அதிகம். டைட்டன்களின் மூலக்கதையிலிருந்து பல விஷயங்கள் அங்கே அப்போதே வரையப்பட்டிருந்தன. தொடரை முடித்துவிட்டு அந்த எண்டிங்கை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள், தூக்கிவாரிப்போடும். முதல் சீசனில் யோகோ ஹிகாஸா பாடிய எண்டிங் பாட்டு எரெனோடு வளர்ந்த மிகாசாவின் மனசு. உலகம் கொடூரமானது, ஆனாலும் அழகானது என்கிற அவளுடைய எண்ணம். அதைக் கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு கேட்டால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எண்டிங்குகளில் என்னோடு அதிகம் தங்கியது ஆய் ஹிகுச்சியின் 'அகுமா நோ கோ'. துப்பாக்கிக் குண்டுதான் நியாயத்துக்குச் சாட்சி என்று நம்பவைக்கிற உலகத்தைப் பற்றிய பாட்டு. 'தி ரம்ப்ளிங்' ஓப்பனிங்காக வந்த அதே எபிசோடுகளுக்கு இதுதான் எண்டிங். முன்னால் அந்த இரைச்சல், இருபது நிமிடம் அழிவு, பின்னால் பியானோவும் இந்தக் குரலும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கிற வாக்குவாதம் காதில் விழாது.

இனி, இந்தத் தொடரின் உயிர் என்று நான் நினைக்கும் ஹிரோயுகி சவானோ. முதல் மூன்று சீசனுக்கும் இசை அவர்தான். கடைசி சீசனில் கொஹ்தா யமமோட்டோவும் சேர்ந்துகொண்டார். சவானோ பின்னணி இசையோடு நிறுத்துவதில்லை, காட்சியின் உச்சத்தில் குரலோடு ஒரு முழுப் பாட்டையே இறக்கிவிடுவார். வசனம் ஜப்பானிய மொழி, பாட்டு ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதனால் நடிகர்களின் பேச்சோடு பாட்டு மோதுவதில்லை, குரலும் ஒரு வாத்தியமாகிவிடுகிறது.

'ஃபோகல் இம் கேஃபிக்' ஆறு நிமிடத்துக்கும் மேல் நீள்கிற ஜெர்மன் பாட்டு. அவசரமாகக் கேட்கக் கூடாது, தேவாலயத்தில் பாடுவது போல மெல்ல விரியும். 'கால் ஆஃப் சைலன்ஸ்' அதைவிடச் சின்னது, ஜெமி என்ற பாடகியின் குரல், யுமிர் என்ற பெண்ணின் கதையோடு என் மனசில் ஒட்டிக்கொண்டது. ஒன்றே ஒன்று கேட்கிறேன் என்பவருக்கு நான் தருவது 'யூ சீ பிக் கேர்ள்'. இரண்டாம் சீசனின் ஆறாவது எபிசோட். சுவரின் மேல் சக வீரன் ரெய்னர் தான் யார் என்பதை, மழை வரும்போல என்று சொல்கிற தொனியில் சொல்லிவிடுகிறான். பெரிய இசை இல்லை, கேமராவும் கிட்டே போகவில்லை. காதில் விழுந்தது சரியா என்று நாமே திகைத்துக்கொண்டிருக்கும்போது மிகாசாவின் கத்தி பாய்கிறது, இந்தப் பாட்டு எழுகிறது. வேறு தொடராக இருந்தால் வில்லன் முகமூடி கழற்றும் இடத்தில் மிரட்டும் இசை வந்திருக்கும். இங்கே வருவது ஒப்பாரி. நண்பனை இழந்ததற்கான அழுகை. கூடவே வளர்ந்தவன்தான் எதிரி என்று தெரிகிற கணத்துக்கு இதைவிடச் சரியான இசையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கேட்கிற கருவி பற்றியும் ஒரு வார்த்தை. விலை குறைந்த இயர்போனில் சவானோவின் பாடல்கள் குழம்பிவிடும். டிரம்ஸ், கோரஸ், கிட்டார் எல்லாம் ஒரே கூழாகக் கேட்கும். காதை மூடுகிற ஹெட்போன் கொஞ்சம் நல்லதாக இருந்தால் போதும், பெரிய செலவு வேண்டாம். ஒலியளவைக் குறைத்தே வையுங்கள். மெதுவாக ஆரம்பிக்கிறது என்று ஏற்றி வைத்தால் நடுவில் காது வலிக்கும்.

தேடும்போது இன்னொரு தொல்லை. சவானோ தலைப்புகளில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறிகள் எல்லாம் கலந்திருக்கும். பாட்டின் பெயரைத் தட்டுவதைவிட சவானோ பெயரோடு சீசனைச் சேர்த்து ஆல்பமாகத் தேடுவது சுலபம். மற்றவர்கள் பாடிய கவர் பதிப்புகளும் ஏராளம், பாடியவர் பெயரைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கடைசிச் சிறப்பு எபிசோடுக்கு லிங்க்ட் ஹொரைசன் திரும்பி வந்து கொடுத்த பாட்டை மட்டும் கடைசியாக வையுங்கள். அதன் தலைப்பு, தொடருக்கு மூலமான மாங்கா காமிக்ஸின் முதல் அத்தியாயத் தலைப்பை நீட்டி எழுதியது. உள்ளே பழைய ஓப்பனிங்குகளின் சாயல்கள் வந்து வந்து போகும், மற்றவை எல்லாம் காதில் பழகியிருந்தால்தான் அவை பிடிபடும்.