ஒட்டுசுட்டான் பக்கம் பன்றி கலைக்க வரும் நாய்கள்: எந்த நாயைக் கேட்டுக் கூப்பிடுவது

எங்கள் முல்லைத்தீவுப் பக்கம் நாய்களோடு வந்து இரவில் பன்றி கலைத்துத் தரும் ஆட்களைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். கொடுக்கிற காசுக்குப் பிரயோசனம் இருக்கிறதா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். நான் கூப்பிடுவது நெடுங்கேணிப் பக்கத்துத் தம்பி ஒருவரை. சேவை நல்லது, இந்தக் காலபோகத்துக்கும் (மாரி நெல்லுக்கும்) அவரைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் "நாயைக் கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அவரிடம் நாலு விதமாக வேலை செய்யும் நாய்கள் நிற்கின்றன. உங்கள் காணிக்கு எது பொருந்தும் என்று தெரிந்து கேட்டால்தான் காசு வீண்போகாது.

என் காணியைச் சொன்னால் விளங்கும். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் செய்கிற இரண்டு ஏக்கர் வயல். அதற்கு மேலே காட்டோரமாக ஒரு ஏக்கர் மேட்டுக்காணி, அதில் கச்சானும் கொஞ்சம் மரவள்ளியும். வீட்டில் ஆம்பிளை இல்லை, துவக்கும் இல்லை. காவல்கொட்டிலில் நானும் சித்தியும்தான். தகரம் தட்டிப் பார்த்தோம், பழைய சீலை கட்டினோம், சலூனில் தலைமயிர் வாங்கி வந்து வேலியோரம் போட்டோம். எல்லாவற்றுக்கும் பன்றி சில நாள் தயங்கும், அப்புறம் பழகிவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரம் வந்தால் வயலுக்குள் படுத்துக்கிடந்தே சப்பித் துப்பும். கச்சான் காய் இறங்கிவிட்டால் ஒரே இரவில் காணி மிசின் விட்டு உழுதது மாதிரிக் கிடக்கும்.

தீனுக்குள் ஒளித்து வைக்கிற பன்றி வெடி, கம்பி தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கு, களவாகக் கரண்ட் இழுத்த கம்பி, இவை மூன்றையும் என் காணிக்குள் விடமாட்டேன். மாடு வாய் கிழிந்து சாகிறது, யானை சாகிறது, விறகுக்குப் போன மனிசர் சாகிறார்கள். ஏற்கெனவே மிதிவெடிக்குப் பயந்து கால் வைத்த மண் இது. நாய்க்கு இருக்கிற பெரிய நன்மை, வேலை முடிந்ததும் அது வீட்டுக்குப் போய்விடும். ஆளைக் கொல்கிற எதையும் பற்றைக்குள் விட்டுவிட்டுப் போகாது.

இனி நாய்களுக்கு வருகிறேன்.

முதலாவது, அடியிலேயே வாய் விடுகிற நாய். தம்பியிடம் மணி என்றொரு செவலை நாய் இருக்கிறது. பன்றி போன தடத்தில் மணம் பிடித்த உடனேயே குலைக்கத் தொடங்கும். ஒரு குலைப்பு, கொஞ்சம் இடைவெளி, அடுத்த குலைப்பு என்று நீட்டி நீட்டிக் கொடுத்துக்கொண்டே போகும். பன்றிக்கு அது முன்கூட்டியே கேட்டுவிடும், எழும்பி ஓடிவிடும். இறைச்சிக்கு வேட்டை போகிறவர்கள் இப்படிப்பட்ட நாயை விரும்புவதில்லை, பன்றியைக் கெடுத்துவிடும் என்பார்கள். எனக்குத் தேவையே அதுதான். குட்டியும் தாயுமாக வருகிற கூட்டம் மணியின் சத்தம் கேட்டாலே காட்டுக்குள் இறங்கிவிடும். குட்டி ஈன்ற தாய்ப்பன்றிக்கு அந்தத் தொந்தரவு போதும், சில நாளைக்கு அந்தப் பக்கம் தலை காட்டாது. நெல் நிற்கிற வயலுக்கு மணி மாதிரி நாய்தான் சரி. வரப்போரமாக ஓடுமே தவிர, பயிருக்குள் சண்டை பிடிக்காது.

இரண்டாவது, சத்தமில்லாமல் அடி எடுத்துப்போய், பன்றியைக் கண்ட பிறகு மட்டும் வாய் திறந்து மறிக்கிற நாய். அதுதான் கறுப்பி. ஒடுங்கிய உடம்பு, ஒரு காது கிழிந்த பொட்டை. இவளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

மேட்டுக்காணிக்கு ஒரு தனியன் வந்துகொண்டிருந்தது. தனியன் என்றால் கூட்டத்தை விட்டு ஒதுங்கித் திரிகிற வயதான ஆண். மணி குலைத்தால் நாலு பற்றை தள்ளி நின்றுவிட்டு, நாய் திரும்பியதும் திரும்பவும் வந்து கிளறும். அதற்குத்தான் கறுப்பியைக் கொண்டுவந்தார். அவிழ்த்துவிட்டதும் காணி எல்லையை மூக்கால் தடவிக்கொண்டு போனாள், பாலை மரத்தடியில் நின்றாள், தலையைத் தூக்கிக் காற்றை இழுத்தாள், காணாமல் போனாள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாய் ஓடித் தப்பிவிட்டது என்று சித்தி சொல்லத் தொடங்கும்போதுதான் வாய்க்கால் பக்கமாகக் கேட்டது. இடைவெளி விடாத கட்டைக் குலைப்பு, ஒரே இடத்திலிருந்து. தம்பி ரோர்ச்சைக் கூட அடிக்கவில்லை. "நிக்குது அக்கா, கறுப்பி மறிச்சிட்டாள்" என்றார்.

குலைப்பின் இந்த வித்தியாசத்தைப் பழகிக்கொண்டால் கொட்டிலில் இருந்தபடியே எல்லாம் விளங்கும். இடைவெளி விட்டு நகர்ந்து போகிற சத்தம் என்றால் பன்றி ஓடுகிறது. ஒரே இடத்தில் நிற்கிற சத்தம் என்றால் பன்றி முதுகைப் பற்றைக்கோ மரத்துக்கோ கொடுத்துவிட்டு முகத்தை நாய்க்குக் காட்டி நிற்கிறது. திடீரென்று சத்தம் நின்று நாய் வீரிட்டால் வெட்டு விழுந்துவிட்டது.

விடிந்த பிறகு கறுப்பி மறித்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பன்றியின் குளம்படி ஒரே இடத்தில் மிதிபட்டுக் குழைந்து கிடந்தது. நாயின் அடிகள் அதைச் சுற்றி அரைவட்டமாக, இரண்டு ஆள் நீளம் தள்ளி. ஓரிடத்தில்கூடக் கிட்டப் போகவில்லை. பன்றி பாயும்போது பின்னுக்கு வரும், திரும்பும்போது முன்னுக்குப் போகும். அந்தத் தூரத்தைக் காப்பதுதான் நல்ல மறிப்பு நாயின் கெட்டித்தனம். கூடக் கிட்டப் போனால் பன்றி மறிப்பை உடைத்துக்கொண்டு ஓடும், அல்லது நாயை வெட்டும். நாய்கள் கூடினாலும் இதே கதைதான். இரண்டு மூன்று நாய்க்கு நிற்கிற பன்றி எட்டு நாய்க்கு நிற்காது.

நாட்டு நாய்க்கு இந்த வேலை யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. தாயோடு போய்ப் பழகும் குட்டிகளில் ஒன்றோ இரண்டோ இப்படித் தேறும், மற்றவை வீட்டுக் காவலுக்குத்தான். வெளிநாட்டில் இதை இனம் பிரித்தே வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் ரெக்சாஸ், லூசியானா மாதிரித் தென் மாநிலங்களில் மறிப்பதற்குக் கட்டகூலா, பிளாக் மவுத் கர் என்ற நாய்கள். பிடிப்பதற்கு அமெரிக்கன் புல்டோக், பிட்புல். பிடிக்கிற நாயைக் கயிற்றிலேயே வைத்திருப்பார்கள். மறித்த சத்தம் கேட்ட பிறகு கிட்டக் கொண்டுபோய்த்தான் அவிழ்ப்பார்கள். ஆர்ஜென்டினாவில் டோகோ என்கிற வெள்ளை நாயைக் கோர்டோபாவில் 1920களில் நோரெஸ் மார்ட்டினெஸ் என்பவர் பன்றி மாதிரிப் பெரிய மிருக வேட்டைக்கென்று உருவாக்கினார். தமிழ்நாட்டிலும் கோம்பை, இராஜபாளையம் நாய்களுக்குப் பன்றி வேட்டையில் பழைய பெயர் உண்டு. நம்முடைய வன்னி நாய்களுக்குப் பெயர் இல்லை, வேலை இருக்கிறது.

மூன்றாவது, பிடிக்கிற நாய். தம்பியிடம் இருப்பது சூரன். கனத்த தாடை, அகன்ற நெஞ்சு, ஏதோ வெளி இனம் கலந்தது. குலைக்கவே மாட்டான். நேராகப் போய்க் காதையோ கன்னத்தையோ கவ்வித் தொங்குவான். வேட்டைக்காரருக்கு இவன்தான் வீரன். என் வயலுக்கு இவன் வேண்டாம். ஒருமுறை என்னைக் கேளாமலே கொண்டுவந்து விட்டார். பன்றியும் சூரனும் கட்டிப் புரண்டதில் சாய்ந்த கதிர், அந்தப் பன்றி அன்றைக்குத் தின்றிருக்கக்கூடியதைவிட அதிகம். இதை அவரிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். அடுத்த இரவுக் கூலியில் கழித்துக்கொண்டார், அந்த நேர்மையையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண் பன்றியின் கீழ்த் தேற்றுப்பல் மேற்பல்லில் உராய்ந்து உராய்ந்து எப்போதும் தீட்டினபடிதான் இருக்கும். தலையைக் கீழிருந்து மேலே வீசி வெட்டும், நாயின் நெஞ்சும் வயிறும் கிழியும். பொட்டைப் பன்றி வெட்டாது, கடிக்கும். பிடிக்கிற நாய்க்கு இந்த இரண்டிலும் தப்பிக்க வழியில்லை, கிட்டப் போவதுதானே அதன் தொழில். சூரனுக்குப் பழைய லொறி ரியூப்பில் வெட்டி அகலமான கழுத்துப்பட்டி போட்டிருக்கிறார். நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. தோளில் விரல் நீளத்துக்குத் தையல் போட்ட தழும்புகளைத் தடவிப் பார்த்தேன், மயிர் முளைக்காமல் வழுவழுவென்று இருந்தது. கறுப்பிக்குக் காதில் ஒரு கிழிசல் மட்டுந்தான். அந்த நாயை வைத்துச் சம்பாதிக்கிறவர் நெஞ்சுக்கும் ஒரு கவசம் தைத்துப் போட வேண்டும். இதுதான் இவரிடம் எனக்கிருக்கும் பெரிய குறை.

நாலாவது, காலடியை விட்டு அதிகம் போகாத நாய். சின்னவன் என்ற குட்டி நாய், வரப்பில் ஆளுக்கு முன்னே ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பித் திரும்பி வரும். வேட்டைக்காரருக்கு இது உதவாது. தனியாகக் காவல் இருக்கிற பெண்களுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. பன்றிக்கு மட்டுமில்லை, வரப்பில் கண்ணாடி விரியன் கிடந்தாலும் நின்று காட்டும். தூரம் போகிற நாய்க்கு நம் காட்டில் ஆபத்து அதிகம், சிறுத்தை தூக்கும், கரடி கிழிக்கும். அதைவிட மோசம், யானையைக் குலைத்து, யானை திருப்பிக் கலைத்தால் நாய் ஓடி வருவது ஆளிடம்தான். பின்னால் யானையும் வரும். ஆகவே கூப்பிடும் முன் முதலில் கேட்க வேண்டியது, "யானை கண்டால் உங்கட நாய் என்ன செய்யும்?" என்பதுதான். இவருடைய நாய்கள் வாலை இறக்கிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பி வருகின்றன. நான் கண்ணால் பார்த்தேன்.

இவருக்கு முன்பு வேறொரு கூட்டத்தைக் கூப்பிட்டிருந்தேன். நிறைய நாய்கள், ஒன்றுக்கும் ஒழுங்கில்லை. பக்கத்துக் காணி ஆட்டைக் கலைத்தன, மானைக் கண்டதும் எல்லாம் சேர்ந்து காட்டுக்குள் போய்விட்டன. மான், மரையைத் தொட்டால் சட்டப்படி பெரிய பிழை. சுண்டிக்குளம், மடு வீதி மாதிரித் தேசியப் பூங்காக்களுக்குள் நாயோடு வேட்டைக்குக் கால் வைக்கவே கூடாது. தம்பியின் நாய்கள் கட்டாக்காலி மாட்டுக்கு நடுவால் போனாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. குட்டியிலிருந்தே ஆட்டுப்பட்டியோடு வளர்ப்பாராம்.

காசு விபரம்: ஓர் இரவுக்கு நாலாயிரம் ரூபாய், மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் தனி. பெட்டி கட்டின லாண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மிசினில்) நாய்களைக் கொண்டுவந்தால் இன்னும் கூடும். ஆளுக்குச் சாப்பாடு, நாய்க்குக் கஞ்சி நம்முடையது. விடியும்வரை நிற்பார். நேரத்துக்கு வருவதில் மட்டும் நம்ப முடியாது, எட்டு மணி என்றால் பத்து மணி. அறுவடை கிட்டும்போது போனே எடுக்கமாட்டார். கதிர் வரும் முன்பே நாள் குறித்துவிடுங்கள்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். மாரியில் நிலம் ஈரமாக இருக்கும்போது மணம் தங்கும், எந்த நேரம் விட்டாலும் நாய் அடி எடுக்கும். சிறுபோகத்தில் (கோடை நெல்லுக் காலத்தில்) சோளகக் காற்று வீசி மண் காய்ந்துவிட்டால் வெயில் ஏறிய பிறகு கறுப்பியே தடுமாறுகிறாள். அந்த நேரம் விடியப்புறம் நாலு மணிக்கு அவிழ்க்கச் சொல்லுங்கள். நள்ளிரவுக்குப் பிறகு பனி இறங்கினால் கொஞ்சம் பிடிக்கும்.

விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இவர் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியாக வைத்திருக்கிறார், கேட்டதற்குக் கோபிக்கவும் இல்லை. 2024இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் பரவிய பிறகு, காட்டுக்குள் செத்துக் கிடக்கிற பன்றியை நாய் தொட விடுவதில்லை. அந்த நோய் நாய்க்கோ மனிதருக்கோ தொற்றாது. ஆனால் இறைச்சியாலும் இரத்தம் பட்ட கால், சப்பாத்து, வண்டிச் சில்லாலும் வளர்ப்புப் பன்றிக்குப் போய்விடும். பக்கத்தில் யாராவது பன்றி வளர்த்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வயலுக்கு மணி, மேட்டில் தனியன் வந்தால் கறுப்பி, காவலுக்குத் துணை வேண்டுமென்றால் சின்னவன். சூரனை வீட்டில் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். முற்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம், மீதியை விடிந்த பிறகு நாய்கள் எல்லாம் திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அவரும் அப்படித்தான் கேட்பார்.