கடாரத்துக்கு ஒரு பகல்: மெர்போக் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம்

பினாங்குக்கு விருந்தாளி வந்தால் கொடிமலை, கெக் லோக் சி, பத்து ஃபெரிங்கி என்று மூன்று இடத்தைக் காட்டி அனுப்பிவிடுவது நம் வழக்கம். பாலத்தைத் தாண்டி ஒன்றே கால் மணி நேரம் ஓட்டினால் கெடா மாநிலத்தின் மெர்போக். அங்கே ஜெராய் மலை அடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கூட்டமும் பெரும்பாலும் கிடையாது. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்களும் உண்டு, அதிலும் நம்மவர்கள்தான் அதிகம். கடாரத்தை, அதாவது இந்தக் கெடாவை வென்ற ராஜேந்திர சோழனைக் "கடாரம் கொண்டான்" என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு, தஞ்சாவூர் அளவுக்குக் கோபுரம் ஒன்று காத்திருக்கும் என்று நினைத்துப் போகிறார்கள். போய்ப் பார்த்தால் இடுப்பளவு கல் மேடை. "இவ்வளவுதானா?" என்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிடுவார்கள். இங்கே மிஞ்சியிருப்பது அடித்தளம் மட்டும். மரத்தூண், மரக்கூரை எல்லாம் மண்ணாகிப் பல நூற்றாண்டு ஆகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு போனால் ஒன்றரை மணி நேரம் பற்றாது.

முதலில் நேராகப் படியேறி பத்து பஹாட் குன்றுக் கோயிலுக்குப் போங்கள். வளாகத்தில் உள்ள மற்றவை வேறு இடங்களில் கிடைத்து, பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கியவை. இது மட்டும் கட்டிய இடத்திலேயே நிற்கிறது. 1936-37இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிப் பார்த்தார். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் குழுவினர் கற்களைத் திரும்ப அடுக்கி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். சதுரமாக உயர்ந்து நிற்பது விமானப் பகுதி, அதாவது கருவறை இருந்த இடம். அதை ஒட்டி நீளவாக்கில் இருப்பது மண்டபம். மண்டபத் தரையில் வரிசையாகக் கல் பீடங்கள் தெரியும். எல்லாரும் அவற்றைத் தாண்டி நடந்துவிடுவார்கள். அங்கேதான் குனிந்து பார்க்க வேண்டும், மரத்தூண்கள் நின்றது அவற்றின்மேல். பீடத்துக்குப் பீடம் இடைவெளியைக் காலால் அளந்தால் கூரையின் அகலம் தானாகவே மனத்தில் எழும். நம்மூர்க் கோயிலில் கருவறை எங்கே, முன்மண்டபம் எங்கே என்று தெரிந்தவருக்கு இங்கே வழிகாட்டியே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. ராஜேந்திர சோழன் கட்டிய கோயில் என்று இதைச் சொல்லிக்கொண்டு போகிற சுற்றுலாப் பேச்சு நிறைய உண்டு. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பும், அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் கடாரத்தின் பெயர் வருவதும் உண்மை. ஆனால் இந்தக் கோயிலை அவன் கட்டினான் என்று சொல்லும் கல்வெட்டு இங்கே எதுவும் கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது நல்லது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஓடையையும் விட்டுவிடாதீர்கள். பஹாட் என்றால் மலாயில் உளி. குன்றின் பெயரே உளிபட்ட கல் என்பதுதான். பாறையில் பாசி படிந்திருக்கும், ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிமானமுள்ள காலணி போடுங்கள். மழை பெய்த மறுநாள் குழந்தைகளை ஓடைப் பாறையில் ஏறவிடாதீர்கள். கொசு மருந்தைக் காரிலேயே தடவிக்கொண்டு இறங்குவது புத்திசாலித்தனம்.

உள்ளே காட்சிக்கூடம் சிறியது. கோயிலைப் புதுப்பித்தபோது கிடைத்த கல் பெட்டிகளைத் தேடிப் பாருங்கள். உள்ளே சிறு சிறு குழிகள் குடைந்திருக்கும். மணிகளும் உலோகத் தகடுகளும் வைத்துக் கட்டடத்துக்குள் புதைத்தவை. நம் ஆகமத்தில் கர்ப்பநியாசம் என்கிறோமே, அதே வேலை. பெங்காலான் பூஜாங் பக்கம் கிடைத்த சீனப் பீங்கான் ஓடு, மேற்காசியக் கண்ணாடித் துண்டு, பாசிமணி ஆகியவை இது துறைமுகப் பகுதி என்பதைப் பேசாமல் பேசுகின்றன. மதிப்பெண்ணில் ஒன்று குறைந்தது விளக்கப் பலகைகளால்தான். மலாயிலும் ஆங்கிலத்திலும் சுருக்கமாக எழுதியிருப்பார்கள், தமிழ் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டிலேயே கொஞ்சம் படித்துவிட்டுப் போகாதவருக்குப் பானை ஓடு பானை ஓடாகத்தான் தெரியும்.

இனி வழி. ஜார்ஜ்டவுனிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஃபெர்ரியை நம்பி இறங்காதீர்கள், 2021 முதல் அதில் கார் ஏற்றுவதில்லை. பாலம்தான். பாலத்தில் தீவுக்குத் திரும்பும்போது மட்டும் டோல் பிடிப்பார்கள். போகும்போது பிளஸ் நெடுஞ்சாலையில் தனி டோல் உண்டு, எனவே டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். சாவடி வாயிலில் பணம் போடலாம் என்று நின்றால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிடுவார்கள்.

வடக்கு நோக்கிப் போய், சுங்கை டுவா, பெர்த்தாம் தாண்டி, "சுங்கை பட்டாணி ஊத்தாரா" வெளிவழியில் இறங்குங்கள். அங்கிருந்து முதலாம் எண் கூட்டரசு சாலையில் பெடோங். பெடோங்கில் இடப்பக்கம் திரும்பினால் செமெலிங் வழியாக மெர்போக். மெர்போக் வந்ததும் வலப்பக்கம், மலையை நோக்கி, அருங்காட்சியகப் பலகை தெரியும். போனில் வழி போடும்போது "முசியம் ஆர்க்கியாலஜி லெம்பா பூஜாங்" என்று முழுதாகப் போடுங்கள். சோம்பல்பட்டு "பத்து பஹாட்" என்று மட்டும் போட்டால் அது உங்களை ஜொகூருக்கு அழைத்துக்கொண்டு போகும். கிளம்பும் முன் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்று பார்த்தால் இந்த வம்பு இல்லை.

பெடோங்குக்குப் பிறகு இரு வழிச் சாலைதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் மெதுவாகப் போகும். வளைவில் இரட்டைக் கோடு போட்ட இடத்தில் முந்த வேண்டாம், இரண்டு கிலோமீட்டரில் அவையே தோட்டத்துக்குள் திரும்பிவிடும். பெட்ரோலைச் சுங்கை பட்டாணியிலேயே ஊற்றிக்கொள்ளுங்கள். புதிய கார்கள் சிலவற்றில் மாற்றுச் சக்கரமே கிடையாது, ஓட்டை அடைக்கும் திரவமும் காற்று பம்பும்தான் வைத்திருப்பார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது. ஆகவே கூர்கல் இருக்கிறதா என்று பார்க்காமல் சாலை ஓரப் புல்லில் காரை இறக்காதீர்கள்.

நாள் தேர்வில் ஒரு சூட்சுமம் உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே வேலை நாள். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு அலுவலகம். எனவே ஞாயிற்றுக்கிழமைதான் சரியான நாள். வெள்ளிக்கிழமை போனால் நண்பகல் தொழுகை நேரத்தில் கதவு சாத்தியிருக்கலாம், சுற்றியுள்ள கடைகளும் அப்படியே. காலை 7.30க்குக் கிளம்பி, சுங்கை பட்டாணியில் தோசையோ ரொட்டி சானாயோ பசியாறிவிட்டு 10 மணிக்குள் படியேறினால் வெயில் ஏறுமுன் பார்த்து முடிக்கலாம். தண்ணீர் கையோடு. செப்டம்பர், அக்டோபரில் பிற்பகல் மழை வலுக்கும், அப்போது இன்னும் சீக்கிரம்.

நேரம் மிஞ்சினால் வந்த வழியிலேயே செமெலிங்குக்கு அருகில் சுங்கை பத்து அகழாய்வுத் தளம். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் தோண்டிய இடம். இரும்பு உருக்கிய களம், படகுத்துறை, வட்ட அடித்தளத்தின்மேல் செங்கல் சதுரமாக எழுப்பிய வழிபாட்டுக் கட்டடம் எல்லாம் வெளிப்பட்டிருக்கின்றன. காலக் கணக்கில் ஆய்வாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. அது கிடக்கட்டும், மண்ணில் கிடைத்த சுடுமண் ஊதுகுழல்களைப் பாருங்கள். கொல்லன் துருத்தியிலிருந்து உலைக்குக் காற்று போகும் குழாய். ஒரு முனை கறுத்து, கண்ணாடி போல உருகியிருந்தால் அதுதான் நெருப்புப் பக்கம். அருங்காட்சியகத்தில் பார்த்த மணியையும் பீங்கானையும் விட இது மனத்தில் நிற்கும். நிழல் குறைவு, குடை வேண்டும்.

கடல் பார்க்க ஆசைப்பட்டால் மெர்போக்கிலிருந்து தஞ்சோங் டாவாய், மெர்போக் ஆறு கடலில் கலக்கும் மீனவர் ஊர். மறுகரையில் பந்தாய் மெர்டேக்கா, படகில் கடந்துபோகலாம். பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை, கருவாடு வாங்கத்தான் போக வேண்டும். நெத்திலியை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் நன்றாகக் காய்ந்தது. வளைந்தால் ஈரம் இருக்கிறது, வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் எடை உப்புக்குத்தான். பெலாச்சான் என்கிற இறால் விழுது வாங்குவதாக இருந்தால் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கடைக்காரர் தாளில் சுற்றி, பையில் போட்டு, இன்னொரு பையில் போட்டுத் தந்தாலும் பாலம் வருவதற்குள் கார் முழுக்க மணக்கும். அந்த மணம் இருக்கைத் துணியில் ஏறிவிட்டால் பத்து நாள் இறங்காது.